ட்ஸீயன்: ஒரே ஜெர்மன் வினை, எத்தனையோ ஆங்கிலப் பொருள்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில், ஒரு கோயில் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஜெர்மன் சொல்லித் தருகிறேன். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகத் தயாராகிறவர்கள் வருகிறார்கள். கார் தொழிற்சாலை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் பிரிட்டோரியாவிலிருந்தும் போனில் சேர்ந்துகொள்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் சிலரும் உண்டு.

எந்த வகுப்பாக இருந்தாலும் ஏதோ ஒரு வாரம் 'ட்ஸீயன்' வந்து வழிமறிக்கும். அகராதியைப் புரட்டினால் ஆங்கிலத்தில் புல், டிரா, டிராக், டோ, மூவ், ஸ்டீப், ரெய்ஸ், எக்ஸ்ட்ராக்ட் என்று பக்கம் நிறைந்துவிடுகிறது. அந்தப் பட்டியலை உருப்போட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நம் கையில் 'இழு' இருக்கிறது. பாதி தூரத்துக்கு மேல் அதுவே கொண்டுபோய் விடும். அது கைவிடும் இடங்களைத் தனியாகப் படித்தால் போதும்.

எழுத்து என்ன? எப்படி உச்சரிப்பது?

இசட், ஐ, ஈ, ஹெச், ஈ, என். முதல் எழுத்து 'பீட்ஸா'வின் நடுவில் வரும் 'ட்ஸ்'. ஆங்கில ஜூவில் வரும் ஒலி இல்லை. ஐயும் ஈயும் சேர்ந்தால் நெடில் ஈ. ஹெச் வாயில் வராது. 'அவன் இழுக்கிறான்' என்பது 'ஏர் ட்ஸீட்', 'இழுத்தான்' என்பது 'ட்ஸோக்', முடிந்த வினை வடிவம் 'கெட்ஸோகன்'. இந்த மூன்றையும் பாட்டு மாதிரி சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்: ட்ஸீயன், ட்ஸோக், கெட்ஸோகன்.

ஹெச் இருந்த இடத்தில் 'க' எப்படி வந்தது?

பழைய ஜெர்மானிய மொழியில் சொல் அழுத்தம் விழுந்த இடத்தைப் பொறுத்து இந்த மெய்யொலி இரண்டு விதமாகப் பிரிந்தது. டென்மார்க் மொழியியலாளர் கார்ல் வெர்னர் 1870-களில் அதற்கு விதி கண்டுபிடித்தார். தேர்வுக்கு இது வேண்டாம். கேட்கிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன். நமக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை. 'மகன்' என்று எழுதிவிட்டு நடுவில் வரும் 'க'வை எவ்வளவு மென்மையாகச் சொல்கிறோம், 'மக்கள்' என்னும்போது எவ்வளவு அழுத்துகிறோம் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

டர்பனில் இருந்துகொண்டு ஜெர்மன் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்களே?

டர்பனைச் சுற்றியுள்ள நேட்டாலுக்கு ஜெர்மன்காரர்கள் நம்மவர்களுக்கு முன்பே வந்தவர்கள். பைன்டவுன் பக்கத்திலுள்ள நியூ ஜெர்மனியில் 1848-இல் பருத்தி பயிரிட வந்து குடியேறினார்கள். ஹெர்மன்ஸ்பர்க் என்ற ஜெர்மன் கிறிஸ்தவ மிஷன் 1854-இல் இங்கே தொடங்கியது. மதராஸிலிருந்து நம் முன்னோர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16. வார்ட்பர்க் பக்கம் போனால் வீட்டில் ஜெர்மன் பேசும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லினில் பிஎம்டபிள்யூ கார் ஆலை 1973 முதல் இருக்கிறது. அதனால் ஜெர்மன் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த மொழி இல்லை என்று வீட்டில் சொல்லுங்கள்.

சரி, ஆங்கிலத்தில் ட்ஸீயனுக்கு முதல் பொருள் என்ன?

புல். ஜெர்மனியில் கடைக் கதவில் 'ட்ஸீயன்' என்று இருந்தால் இழுங்கள், 'ட்ருக்கன்' என்று இருந்தால் தள்ளுங்கள். இங்கிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கிறது.

வண்டியை இழுப்பது, கயிற்றை இழுப்பது, கடற்கரையில் வலை இழுப்பது எல்லாம் இதே வினை. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் டர்பன் கரையை ஒட்டி வரும்போது நம்மவர்கள் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீனைக் கரைக்கு இழுப்பதை ஜெர்மனில் 'ஆன் லாண்ட் ட்ஸீயன்' என்பார்கள். ஒரு கம்பெனி பெரிய ஆர்டர் ஒன்றைப் பிடித்துவிட்டாலும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'லாண்ட்' என்பதையே வினையாக்கிக்கொள்கிறார்கள். நாம் 'பிடித்துவிட்டான்' என்போம்.

'இழு' எந்தெந்த இடத்தில் அப்படியே பொருந்தும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பீடியை ஒரு இழுப்பு இழுக்கிறோம். ஜெர்மன்காரரும் சிகரெட்டில் 'ட்ஸீயன்' செய்கிறார். ஆங்கிலத்துக்கு அங்கே 'டிராக்' அல்லது 'பஃப்' தேவைப்படுகிறது.

மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்கிறோம். 'டேர் மோட்டோர் ட்ஸீட் நிஷ்ட்' என்பது அதன் அச்சு. ரோஸ்லினில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இதைக் கேட்டதும் நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்துக்கொண்டார்.

நரம்பு சுண்டி இழுக்கிறது என்கிறோம். முதுகில் அப்படி ஒரு வலி வந்தால் 'எஸ் ட்ஸீட் இம் ருக்கன்' என்பார் நோயாளி.  தமிழ் நர்ஸுக்கு விளக்கமே தேவையில்லை.

வம்புக்கு இழுப்பதற்கு 'ஹினைன்ட்ஸீயன்', ஆங்கிலத்தில் 'டிராக் இன்டு'. வேலையை இழுத்தடிப்பதற்கு 'ஹின்ட்ஸீயன்', ஆங்கிலத்தில் 'டிராக் அவுட்'. படம் ஜவ்வு மாதிரி இழுக்கிறது என்கிறோமே, ஜெர்மனில் அது சூயிங்கம் மாதிரி இழுக்கிறது: 'டேர் ஃபில்ம் ட்ஸீட் ஸிஷ் வீ கவ்கும்மி'. ஜவ்வுமிட்டாயும் சூயிங்கமும் இரண்டு கண்டங்களில் தனித்தனியாக ஒரே உவமைக்கு வந்து நிற்கின்றன. இதைச் சொல்லும் நாளில் வகுப்பில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை.

அப்புறம் தேர். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் பேச்சு. எல்லாரும் ஒற்றுமையாக ஒரு காரியத்தில் இறங்குவதை ஜெர்மனில் 'ஆன் ஐனம் ஷ்ட்ராங் ட்ஸீயன்' என்கிறார்கள். ஒரே வடத்தைப் பிடித்து இழுப்பது என்று பொருள். ஆங்கிலத்தில் 'புல் டுகெதர்' என்றால் அர்த்தம் வந்துவிடும், ஆனால் கையில் வடம் இருக்காது. இங்கே தைப்பூசக் காவடியில் முதுகில் கொக்கி மாட்டிச் சின்ன ரதத்தை இழுத்து வருகிறவருக்குப் பின்னால், வடத்தைத் தளர்த்திப் பிடித்தபடி அண்ணனோ மாமாவோ நடப்பார். இழுக்கிற பக்கம் அதிகமானால் இவர் விட்டுக்கொடுப்பார், தளர்ந்தால் தாங்குவார். 'ஷ்ட்ராங்' என்ற சொல்லை நான் அந்த வடத்தைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பேன்.

டீ பாக்கெட்டில் 'ட்ஸீயன் லாஸன்' என்று இருக்கிறதே, டீயை எப்படி இழுப்பது?

சீடர்பர்க் மலைப்பகுதியில் விளையும் நம் ரூய்போஸ் டீ ஜெர்மனிக்கு ஏராளமாகப் போகிறது. அதன் உறைகளில் 'ஐந்து முதல் பத்து நிமிடம் ட்ஸீயன் லாஸன்' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். இலை தன் சாற்றை இறக்க விடுங்கள் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் ஸ்டீப், அல்லது டிரா. நாம் 'டீ இறங்கட்டும்' என்போம்.

இங்கே படித்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. டச்சு மொழியிலிருந்து வந்த ஆப்பிரிக்கான்ஸைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் டீ 'ட்ரெக்' ஆகும். ஜெர்மன் ட்ஸீயன் செய்கிற வேலையில் பெரும்பகுதியை ஆப்பிரிக்கான்ஸில் 'ட்ரெக்' செய்கிறது: இழுப்பது, வீடு மாறுவது, பல் பிடுங்குவது, டீ இறங்குவது. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை இல்லை, குணம்தான் ஒன்று. 1830-களில் டச்சு வம்சாவளி விவசாயிகளான போயர்கள் மாட்டு வண்டிகளில் கேப் காலனியை விட்டு உள்நாட்டுக்குப் போன பெரும் பயணத்தின் வழியாகத்தான் 'ட்ரெக்' ஆங்கிலத்துக்குள் பரவியது. வட ஜெர்மனியில் டிராக்டரை இன்றும் 'ட்ரெக்கர்' என்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இதன் சொந்தக்காரச் சொல் எது?

டோ, டக் இரண்டும். பழுதான காரைக் கட்டி இழுப்பது டோ. கயிறு இழுக்கும் போட்டியில் வருவது டக். 'டீம்' என்பதும் இதே குடும்பம்தான். முதலில் ஏரிலோ வண்டியிலோ சேர்த்துப் பூட்டிய மாடுகளைக் குறித்த சொல் அது. ஆங்கிலத்தில் 'ட' இருக்கும் இடத்தில் ஜெர்மனில் 'ட்ஸ்' வருவது ஒரு பழைய ஒலி மாற்றம். டென் என்றால் ட்ஸேன், டூ என்றால் ட்ஸ்வை, டங் என்றால் ட்ஸுங்கெ. இந்த ஒரு விதி பிடிபட்டால் புதுச் சொல் பத்தையாவது ஊகித்துவிடலாம்.

ஆங்கில 'டிரா' வேறு குடும்பம். அதன் ஜெர்மன் உறவு 'ட்ராகன்', சுமப்பது. ஆனால் பொருளளவில் ட்ஸீயனுக்கு மிக நெருங்கியது டிராதான். கோடு, சீட்டு, முடிவு, கவனம் என்று இரண்டும் சேர்ந்தே போகின்றன. ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் புல்லை விட டிராவை வையுங்கள்.

'இழு' எங்கே கைவிடும்?

பல்லைப் பிடுங்குகிறோம், சீட்டை எடுக்கிறோம், சதுரங்கத்தில் காயை நகர்த்துகிறோம், வர்க்கமூலம் காண்கிறோம், செடியை வளர்க்கிறோம். ஜெர்மனில் இவை எல்லாமே ட்ஸீயன். ஆங்கிலத்தில் வரிசையாக எக்ஸ்ட்ராக்ட் அல்லது புல், டிரா, மூவ், எக்ஸ்ட்ராக்ட், குரோ.

ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வந்தால் 'எஸ் ட்ஸீட்!' என்று குரல் எழும். இரண்டே சொல். ஆங்கிலத்தில் டிராஃப்ட் என்று பெயர்ச்சொல்லுக்குப் போக வேண்டும். டர்பனில் ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு வளர்ந்த நமக்கு இதன் அவசரம் புரியாது. ஜெர்மன்காரர்களில் பலர் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று உறுதியாக நம்புகிறார்கள். யாராவது இப்படிச் சொன்னால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

'டாஸ் ட்ஸீட் பை மியர் நிஷ்ட்' என்று ஒருவர் சொன்னால், அந்தச் சாக்கு என்னிடம் எடுபடாது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'தட் வோன்ட் வொர்க் ஆன் மீ'. நம்மிடம் இதைவிட ருசியான ஒன்று இருக்கிறது: உன் பருப்பு இங்கே வேகாது.

'ஹாபெ கெட்ஸோகன்', 'பின் கெட்ஸோகன்' இரண்டையும் பார்க்கிறேன். எது சரி?

இரண்டும் சரி. ஆனால் பொருள் வேறு, இங்கேதான் மதிப்பெண் போகிறது. எதையாவது இழுத்தால் 'ஹாபெ'. நீங்களே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் 'பின்'. 'இஷ் ஹாபெ டென் வாகன் கெட்ஸோகன்' என்றால் வண்டியை இழுத்தேன். 'இஷ் பின் நாக் பெர்லீன் கெட்ஸோகன்' என்றால் பெர்லினுக்குக் குடிபோனேன். ஆங்கிலத்தில் முதலாவது புல்டு, இரண்டாவது மூவ்டு.

தமிழில் 'இழு' ஒருவர் தானாக ஓரிடம் விட்டு ஓரிடம் போவதைச் சொல்லாது. அதனால் இந்த இரண்டாவது ட்ஸீயனை மனதில் பதிக்க ஒரு காட்சி வேண்டும். டர்பனுக்கு வடக்கே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மவுண்ட் மோர்லாண்ட் என்று ஒரு சின்ன இடம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வாக்கில் வரை, பொழுது சாயும் நேரத்தில் அங்கே போய் நாணல் காட்டைப் பார்த்தபடி உட்காருங்கள். முதலில் ஒன்றும் இருக்காது. அப்புறம் வானத்தில் மிளகைத் தூவின மாதிரி சில புள்ளிகள். பத்து நிமிடத்தில் லட்சக்கணக்கான தகைவிலான் குருவிகள் தலைக்கு மேலே சுழன்று, இருட்டுவதற்குள் நாணலுக்குள் இறங்கிவிடும். ஐரோப்பாவில் கோடையைக் கழித்துவிட்டு வந்தவை அவை. அவற்றுக்கும் ட்ஸீயன்தான்: 'டி ஷ்வால்பன் ஸிண்ட் நாக் ஸூடன் கெட்ஸோகன்', குருவிகள் தெற்கே போய்விட்டன. வலசைப் பறவைக்குப் பெயர் 'ட்ஸூக்ஃபோகல்'. ஆங்கிலத்தில் மைக்ரேட். அங்கே 'போய்விட்டன' என்று எழுதுகிற அதே குருவிகளை இங்கே நாம் 'வந்துவிட்டன' என்கிறோம்.

'ட்ஸூக்' என்றால் ரயில் அல்லவா?

ஆமாம், ட்ஸீயனிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். எஞ்சின் இழுக்கிற வரிசை. ஆங்கில 'டிரெயின்' என்பதும் இழுப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பரில் நியூரம்பர்க்கிலிருந்து ஃபியூர்த்துக்கு ஓடியது. டர்பனில் துறைமுக முனையிலிருந்து ஊருக்குள் ரயில் ஓடத் தொடங்கியது 1860 ஜூனில், ட்ரூரோ வருவதற்குச் சில மாதம் முன்பு.

ஊர்வலமும் ட்ஸூக். சதுரங்கத்தில் ஒரு நகர்த்தலும் ட்ஸூக். 'ட்ஸூக்ட்ஸ்வாங்' என்ற சொல் சதுரங்கம் ஆடுகிற எல்லா நாட்டாருக்கும் தெரியும்: எந்தக் காயை நகர்த்தினாலும் நிலைமை மோசமாகும், ஆனால் நகர்த்தியே ஆக வேண்டும். ஒரு மடக்குக் குடிப்பதும், முகத்தின் சாயலும் கூட ட்ஸூக்.

முன்னொட்டு சேர்ந்தால் பொருள் தலைகீழாக மாறுகிறதே, எதை முதலில் படிப்பது?

உடையும் வீடும். இரண்டும் ஒரே சொற்களில் மோதிக்கொள்கின்றன, அதனால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள்.

'ஆன்ட்ஸீயன்' உடை உடுத்துவது, 'அவுஸ்ட்ஸீயன்' களைவது, 'உம்ட்ஸீயன்' மாற்றுவது. வீடு என்று வந்தால் 'ஐன்ட்ஸீயன்' குடிவருவது, 'அவுஸ்ட்ஸீயன்' காலி செய்வது, 'உம்ட்ஸீயன்' வீடு மாறுவது. ஆங்கிலத்தில் டிரெஸ், அன்டிரெஸ், சேஞ்ச் ஒரு பக்கம். மூவ் இன், மூவ் அவுட், மூவ் இன்னொரு பக்கம். ஜெர்மனில் இரண்டையும் பிரிப்பது 'ஸிஷ்' அல்லது 'மிஷ்' என்ற ஒரு துண்டுச் சொல். 'இஷ் ட்ஸீயெ அவுஸ்' என்றால் வீட்டைக் காலி செய்கிறேன். 'இஷ் ட்ஸீயெ மிஷ் அவுஸ்' என்றால் உடையைக் களைகிறேன். வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதும்போது இந்த மிஷ் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'இஷ் பின் உம்கெட்ஸோகன்' வீடு மாறினேன், 'இஷ் ஹாபெ மிஷ் உம்கெட்ஸோகன்' உடை மாற்றினேன்.

ஆன்ட்ஸீயனுக்கு ஈர்ப்பது என்றும் பொருள். புவியீர்ப்பை 'ஆன்ட்ஸீயூங்ஸ்க்ராஃப்ட்' என்கிறார்கள். ஈர்ப்பு விசை என்று நாம் சொல்வதன் சரியான இணை. ஈர் என்றாலும் பழந்தமிழில் இழுதானே. திருகாணியை முடுக்குவதற்கும் ஆன்ட்ஸீயன்தான்.

பணத்துக்கு மூன்று: சம்பளத்தில் கழிப்பது 'ஆப்ட்ஸீயன்', வாடகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்வது 'ஐன்ட்ஸீயன்', இருப்புக்கு மேல் எடுப்பது 'ஊபர்ட்ஸீயன்'. சம்பளச் சீட்டில் 'ஆப்ட்ஸூக' என்று பார்த்தால் அது நம் 'பிடித்தம்'. ஆங்கிலத்தில் டிடக்‌ஷன், டைரக்ட் டெபிட், ஓவர்டிராஃப்ட்.

'ஃபோர்ட்ஸீயன்' என்றால் ஒன்றைவிட இன்னொன்றை விரும்புவது, ஆங்கிலத்தில் பிரிஃபர். மற்ற முன்னொட்டுகள் படிக்கும்போது தானாக வரும்.

நான் நர்ஸ். வார்டில் எதெல்லாம் காதில் விழும்?

நிறைய. இதற்கென்றே ஒரு பிற்பகலை ஒதுக்குவேன், ஏனென்றால் ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் பி2 என்ற மொழித்திறன் நிலைக்கான சான்றிதழ் கேட்கிறார்கள். ஆனால் பாடப்புத்தகத்தில் வார்டுப் பேச்சு முழுதும் இருக்காது.

'ஃபேடன் ட்ஸீயன்' என்றால் தையல் பிரிப்பது. நூலை இழுப்பது என்பது அதன் நேர்ப்பொருள். 'கட்டேட்டர் ட்ஸீயன்' என்றால் சிறுநீர்க் குழாயை எடுத்துவிடுவது. இங்கே கவனம் வேண்டும்: மாட்டுவது இல்லை, எடுப்பது. 'ஷ்ப்ரிட்ஸெ அவுஃப்ட்ஸீயன்' என்றால் ஊசியில் மருந்தை ஏற்றுவது, ஆங்கிலத்தில் டிரா அப். 'பெட் ஆப்ட்ஸீயன்' என்றால் படுக்கை விரிப்பை உருவுவது, 'பெட் பெட்ஸீயன்' என்றால் புது விரிப்புப் போடுவது. நோயாளியிடம் காலை மடக்கச் சொல்ல 'ட்ஸீயன் ஸீ டாஸ் பைன் ஆன்'. இதற்கு முன் வந்த உடை உடுத்தும் ஆன்ட்ஸீயனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பக்கத்தில் 'பைன்' இருக்கிறதா என்று பாருங்கள்.

சளி பிடிப்பதைப் பற்றி ஒன்று. தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நாம் போய்ச் சளியைப் பிடிக்கிறோம். ஜெர்மனில், கொஞ்சம் எழுத்து நடையில், அதைத் தன் மேலேயே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்: 'ஸிஷ் ஐனெ எர்கெல்டூங் ட்ஸூட்ஸீயன்'. எலும்பு முறிவுக்கும் காயத்துக்கும் இதே வினை அறிக்கையில் வரும். தானே வரவழைத்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு எதுவும் அதில் இல்லை. காயம் பட்டது, அவ்வளவுதான்.

கோர்ட்டுக்கு இழுப்பதும் ட்ஸீயன்தானா?

இல்லை. இது வழுக்குப் பாறை. 'அவனைக் கோர்ட்டுக்கு இழுத்தேன்' என்று தமிழில் நினைத்துக்கொண்டு 'ஃபோர் கெரிஷ்ட் ட்ஸீயன்' என்று எழுதினால், நானே நீதிமன்றத்தை நாடினேன் என்ற பொருள்தான் வரும். நகர்கிற ட்ஸீயன், 'பின்'னோடு சேர்வது. இன்னொருவரை நிறுத்துவதற்கு 'பிரிங்கன்' போட வேண்டும்.

பிள்ளை வளர்ப்பதற்கும் இதே வினை என்றீர்களே?

'எர்ட்ஸீயன்'. பிள்ளையை நல்லது கெட்டது சொல்லி வளர்ப்பது. ஆங்கிலத்தில் பிரிங் அப், சில இடத்தில் எஜுகேட். 'எஜுகேட்' லத்தீனில் அழைத்துச் செல்வது என்ற பொருளுள்ள 'டூகெரெ'யின் உறவு. அந்த டூகெரெயும் ட்ஸீயனும் மிகப் பழைய ஒரே வேரிலிருந்து வந்தவை. பாலர் பள்ளி ஆசிரியைக்கு 'எர்ட்ஸீயரின்' என்று பெயர். செல்லம் கொடுத்துக் கெடுப்பது 'ஃபெர்ட்ஸீயன்'. முன்னொட்டு ஒன்று மாறினால் வளர்ப்பு கெட்டுவிடுகிறது.

பெறாத பிள்ளையை எடுத்து வளர்த்தவள் 'ட்ஸீமுட்டர்'. வளர்ப்புத் தாய். வளர்ப்புப் பிள்ளை 'ட்ஸீகிண்ட்'. அகராதியில் எங்கோ கீழே கிடக்கும் 'வளர்ப்பது' என்ற பொருள் இங்கே பத்திரமாக இருக்கிறது. எங்கள் தெருவில் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், வளர்ந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. இந்தச் சொல்லை அவர்களுக்கு ஒருமுறைக்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஆயா கேட்டோ மேனரிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்ததை 'உம்ட்ஸீயன்' என்று எழுதலாமா?

குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது இந்தக் கேள்வி வருடம் தவறாமல் வருகிறது. இலக்கணப்படி தவறில்லை. ஆனால் எழுதாதீர்கள்.

உம்ட்ஸீயன் என்றால் தானாக முடிவெடுத்து, சாமான் கட்டி, சாவி வாங்கி, வீடு மாறுவது. ஆங்கில மூவ் மாதிரி அமைதியான சொல். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று நிறவெறி அரசு பிரித்துவைத்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு ஆட்களை அனுப்பியது அப்படிப்பட்டது இல்லை. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் வீடும் தோட்டமும் கோயிலும் வைத்திருந்தவர்கள் அவற்றை விட்டுவிட்டு வந்தார்கள். இந்த நாட்டு ஆங்கிலத்தில் அதற்கு 'மூவ்' என்று யாரும் சொல்வதில்லை, 'ஃபோர்ஸ்டு ரிமூவல்' என்பார்கள். ஜெர்மனில் அதற்கு 'ட்ஸ்வாங்ஸ்உம்ஸீட்லூங்' என்ற சொல் இருக்கிறது, கட்டாயக் குடியேற்றம். துரத்தப்பட்டார்கள் என்று சொல்ல 'வூர்டன் ஃபெர்ட்ரீபன்'. இரண்டிலும் செய்தவன் வேறு ஒருவன் என்பது இலக்கணத்திலேயே தெரியும். ஆயா அங்கே எழுவாயாக இருந்தாலும் செயல் அவர் கையில் இல்லை.

போன வருடம் ஒரு மாணவி இந்த இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் எழுதியிருந்த 'இஸ்ட் உம்கெட்ஸோகன்' என்பதை அடித்துவிட்டு, 'வூர்டெ ஃபெர்ட்ரீபன்' என்று எழுதினாள். அதற்கு அடுத்த வாக்கியத்தில், ஆயா புது வீட்டின் பின்புறம் கறிவேப்பிலைச் செடி வைத்து வளர்த்ததற்கு ட்ஸீயனையே போட்டிருந்தாள். இரண்டும் சரியாக இருந்தன. முழு மதிப்பெண் போட்டேன்.